“எப்போ தெரிஞ்சது?”: பெரிய சாரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிலில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். இப்போது புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு மாதம் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். நான் எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் என் பழைய மேனேஜரிடம்தான் போய் நிற்கிறேன். டீ நேரத்தில் வரும் கேள்விகளும் அவரைப் பற்றியே. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அதையே சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன். கம்பெனி பேரும் அவர் பேரும் வேண்டாம். நாங்கள் எல்லோரும் “பெரிய சார்” என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

யார் இந்தப் பெரிய சார்?

நான் 1993இல் ஊரீசு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்து ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், டிரெயினியாகச் சேர்ந்தபோது அங்கே புரொடக்‌ஷன் மேனேஜர். அப்போதெல்லாம் ராணிப்பேட்டை தனி மாவட்டம் கிடையாது. அது 2019இல் வந்தது. பெரியவர்கள் “வடாற்காடு” என்றே சொல்லிக்கொண்டிருந்த காலம். ஆள் குள்ளம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தியும் இண்டிகேட்டர் பாட்டிலும் இருக்கும். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. தோலைப் போட்டுச் சுற்றவிடுகிற பெரிய பீப்பாய்தான் டிரம்; அது ஓடுகிற இடத்தில் மெதுவாகப் பேசினால் காதில் விழாது. அதனால் அவர் பேசினால் எல்லோரும் கிட்டே போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. தெரிந்துதான் அப்படிச் செய்தாரோ என்னவோ.

அவரிடம் கற்ற முதல் பாடம் எது?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறீர்கள். என் மானம் போன கதை. பரவாயில்லை, சொல்கிறேன்.

ஷூ பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தோலைச் சுண்ணாம்பில் போட்டு முடி எடுத்த பிறகு, அந்தச் சுண்ணாம்பை வெளியேற்ற வேண்டும். டிரம்மில் அமோனியம் உப்புப் போட்டு ஓட்டுவோம். போய்விட்டதா என்று பார்க்க, கழுத்துப் பக்கம் தடிமனான இடத்தில் ஒரு துண்டு வெட்டி, வெட்டின பக்கத்தில் ஃபீனாப்தலீன் ஒரு சொட்டு விட வேண்டும். சுண்ணாம்பு மிச்சம் இருந்தால் ரோஸ் நிறம் ஏறும். இல்லையென்றால் அப்படியே வெள்ளையாக இருக்கும். நாங்கள் ஓட்டிய ரகத்துக்கு நடுவில் கோடே தெரியக் கூடாது.

1994, நைட் ஷிஃப்ட். மணி ரெண்டரை. துண்டை வெட்டி சொட்டு விட்டேன். நடுவில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிசாக ரோஸ். இன்னும் அரை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த லோடு வெளியே காத்திருந்தது. காலை ஷிஃப்டுக்கு வருகிற சூப்பர்வைசர், டிரம் லேட்டானால் கேட்டிலிருந்தே கத்திக்கொண்டு வருவார். லைட் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நோட்டில் “சரி” என்று எழுதிவிட்டேன்.

தோலைப் பதப்படுத்துகிற குரோம் உப்பை ஏற்றிய பிறகு வண்டவாளம் வெளியே வந்தது. குறுக்கே வெட்டினால் ஓரம் நீலம், நடுவில் வெளிர். பதம் சரியா என்று பார்க்கக் கொதிக்கிற தண்ணீரில் போட்ட துண்டு சுருண்டு அப்பளம் போல ஆகிவிட்டது. முழு லோடும் முதல் தரத்திலிருந்து இறங்கியது.

பெரிய சார் வந்தார். சுருண்ட துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யார் பண்ணது?” என்று கேட்பார் என நின்றிருந்தேன்.

“எப்போ தெரிஞ்சது தம்பி?”

“இப்பத்தான் சார்.”

அவர் எதுவும் சொல்லவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதி தாங்கவில்லை.

“ராத்திரி ரெண்டரைக்கு சார்.”

“ரெண்டரைக்குச் சொல்லியிருந்தா அரை மணி நேரம் செலவு. இப்ப ஒரு லோடு.” அப்புறம் என் முகத்தைப் பார்த்து, “யாருக்குப் பயந்தே?” என்றார்.

சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து டிரம் நோட்டில் புதிதாக ஒரு கட்டம். நேரம், தண்ணி, மருந்து, பி.ஹெச். என்றிருந்த கட்டங்களுக்குப் பக்கத்தில், அவர் கையெழுத்தில், பால்பாயின்ட் பேனாவால்: “சந்தேகம்”. யார் எதை வேண்டுமானாலும் அதில் எழுதலாம். எழுதியதற்காக யாரிடமும் விளக்கக் கடிதம் வாங்கக் கூடாது. எழுதிவிட்டு டிரம்மை நிறுத்தினால் லேட்டானதற்குப் பொறுப்பு அவருடையது. காலை சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னார் என்று பின்னால் தெரிந்தது.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த மீதி எல்லாம் அந்தக் கட்டத்திலிருந்து கிளம்பியவைதான்.

அப்படியென்றால் தப்பு செய்தவனுக்குத் தண்டனையே இல்லையா?

உண்டு. நோட்டில் பொய் எழுதியதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கோடு மிச்சம் இருந்ததற்கு வரவில்லை. இரண்டையும் அவர் ஒரு நாளும் குழப்பிக்கொண்டதில்லை. மூன்று முறை ஒரே பொய்யைச் சொன்ன ஒரு ஸ்டோர்ஸ் ஆளைக் கணக்கு முடித்து அனுப்பியும் இருக்கிறார். சாந்தமான மனுஷன் என்றால் ஏமாளி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

நானும் “எப்ப வேணா வந்து சொல்லுங்க” என்று சொல்லியிருக்கிறேன். யாரும் வருவதில்லையே?

எப்படி வருவார்கள்? உங்கள் ரூம் ஏ.சி. போட்டது. அவன் காலில் கம்பூட்ஸ், மேலெல்லாம் சுண்ணாம்புத் தண்ணி. கதவைத் திறந்து உள்ளே வந்தால் தரை அழுக்காகும் என்று அவனே வெளியே நின்றுவிடுவான்.

பெரிய சார் தினமும் ஷிஃப்ட் மாறுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் டிரம் பக்கம் வந்து நிற்பார். முன்னால் என்பது முக்கியம். ஷிஃப்ட் முடிந்த பிறகு வந்தால், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனை நிறுத்தி வைக்கிற மாதிரி ஆகிவிடும். குடியாத்தம், காட்பாடி என்று தூரத்திலிருந்து வருகிற ஆட்கள் அதிகம். வந்தால் வேலையைப் பற்றிக் கேட்க மாட்டார். “இன்னா மேஸ்திரி, மழை உண்டா அந்தாண்ட?” என்பார். மழையில் ஆரம்பித்த பேச்சு மோட்டார் பெல்ட்டில் வந்து முடியும். மேஸ்திரி தானாகவே சொல்லிவிடுவார்: “மூணாம் நம்பர் டிரம்மு ஒரு மாதிரி சத்தம் குடுக்குது சார்.”

இன்னொன்று. சொன்ன விஷயம் என்னவாயிற்று என்று சொன்னவனிடமே திரும்பப் போய்ச் சொல்வார். “நீ சொன்னியே அந்தச் சத்தம், பேரிங் போயிருந்துது, மாத்தியாச்சு.” அவ்வளவுதான். நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதில்லை. பெட்டி வைத்து ஆலோசனை வாங்குகிறோம். பெட்டிக்குள் போனது எங்கே போனது என்று எழுதிப்போட்டவனுக்குத் தெரியாது. அடுத்த தடவை அவன் ஏன் எழுதப்போகிறான்?

புது விதியை எப்படிக் கொண்டுவருவது? ஆட்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இதை வெளியூர்க்காரன் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கோட்டை வாசலில் நின்றாலே போதும்.

2001இல் பெரிய சாரை ஷூ யூனிட்டுக்கு மாற்றினார்கள். என்னையும் கூட அழைத்துப்போனார். அங்கே ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற குளோசிங் லைனில் முழுக்கப் பெண்கள். ஒரு நாள், மெஷினில் முடி மாட்டாமல் இருக்க எல்லோரும் தொப்பி போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நியாயமான உத்தரவுதான். ஸ்டோர்ஸிலிருந்து இருநூறு தொப்பி வந்து இறங்கியது. நோட்டீஸ் ஒட்டக் கையில் பசையோடு போன என்னை நிறுத்தி, “1806 இன்னா ஆச்சு, தெரியுமா?” என்றார்.

சிப்பாய் கலகம் என்றேன். ஏன் வந்தது என்றார். விழித்தேன்.

தொப்பிதான் காரணம். சென்னை ராணுவத்தின் தளபதி க்ராடாக், சிப்பாய்களுக்குப் புது மாதிரித் தலைப்பாகை கொண்டுவந்தார். அதில் தோலால் செய்த ஒரு சின்னம் வேறு. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி எடுக்க வேண்டும் என்றும் உத்தரவு. இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது. மே மாதம் மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. ஜூலை 10 விடியும் முன்னால் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே அடக்கினார். செத்தவர்கள் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில்.

பெரிய சார் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்த ஒன்றை. முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சில வாரங்களுக்கு முன்பே கர்னலிடம் போய், இப்படி ஒரு சதி நடக்கிறது என்று சொல்லியிருக்கிறான். கர்னல் அதை விசாரிக்க இந்திய அதிகாரிகளையே கூப்பிட்டார். அவர்கள் “அவன் பைத்தியம்” என்றார்கள். தகவல் சொன்னவனைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். “சட்டத்தைப் போட்டதுல ஒரு தப்பு. சொல்ல வந்தவனை உள்ள வச்சாங்க பாரு, அதுதான் பெரிய தப்பு” என்றார் பெரிய சார்.

இருநூறு தொப்பியும் ஸ்டோர்ஸுக்குத் திரும்பியது. லைனிலிருந்து நாலு அக்காக்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தொப்பி தலைக்கு மேல் அழுத்தி உட்கார்ந்தால் வைத்த பூ நசுங்கும். முக்காடு போடுகிறவர்களுக்கு, முக்காட்டுக்கு மேல் போடுவதா கீழே போடுவதா என்று தெரியாது. வெயில் காலத்தில் நைலான் துணி அரிக்கும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களே பருத்தித் துணியில், பின்னால் கொண்டையைத் தாண்டி எலாஸ்டிக் வருகிற மாதிரி ஒன்று தைத்துக் காட்டினார்கள். பத்து நாள் தள்ளிப்போனது. நோட்டீஸ் ஒட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

மேலே இருப்பவர்கள் எதையும் சொல்வதில்லை; கீழே இருப்பவர்கள் என்னைக் கேட்கிறார்கள். நடுவில் நான் என்ன செய்வது?

1996 ஆகஸ்ட் 28. பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மாசு செய்தவனே நஷ்டத்தையும் ஏற்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. மாவட்டத்தில் இருந்த ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாதவன் ஷெட்டை மூட வேண்டும். டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு கதை. “தீபாவளிக்குள்ள எல்லா ஷெட்டுக்கும் பூட்டு” என்றான் ஒருவன். வட்டிக்கு வாங்கியிருந்தவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

பெரிய சார் ஷிஃப்ட் மாறும்போது கேட் பக்கம் நின்று பேசினார். மூன்றே விஷயம். எனக்குத் தெரிஞ்சது இது. எனக்குத் தெரியாதது இது. அடுத்த செவ்வாய்க்கிழமை இதே இடத்தில் மறுபடி சொல்றேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. முதலாளிகளிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அதனால் அவர் வர மாட்டார் என்று நினைத்தோம். வந்தார். “இந்த வாரம் புதுசா எதுவும் இல்லப்பா. அடுத்த செவ்வாய் பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படி எத்தனையோ செவ்வாய். சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் வந்து நின்றாரே, அதனால்தான் சொல்ல விஷயம் இருந்த நாளில் ஆட்கள் அவரை நம்பினார்கள். டீக்கடைக் கதை தானாக ஓய்ந்தது.

ஒரு பெரியவர், “நம்ம மேல தப்பில்லியே சார், ஏன் நம்ம வவுத்துல அடிக்கறாங்க?” என்று கேட்டபோது, ஆமாம் போட்டுக் கைதட்டு வாங்கியிருக்கலாம். அவர் செய்யவில்லை. “பக்கத்து ஊரு கெணத்துத் தண்ணிய ஒருவாட்டி வாயில வச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்” என்றார். அன்றைக்கு யாருக்கும் அது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

ஷிப்மென்ட் தலைக்கு மேல் நிற்கும்போதும் இதெல்லாம் நடக்குமா?

அப்போதுதான் நடக்க வேண்டும். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

கழிவுநீர்த் தொட்டியில் பம்ப் அடைத்துக்கொண்டது. தொட்டி நிரம்பினால் டிரம் திறக்க முடியாது, டிரம் திறக்காவிட்டால் கண்டெய்னர் போகாது. ஓர் ஆள் இடுப்பில் கயிறு கட்டி இறங்கத் தயார். “கொஞ்ச நேரம் முன்னாடி நாத்தம் இருந்துது சார், இப்ப இல்ல. அஞ்சு நிமிஷ வேலை” என்றான்.

சுண்ணாம்புப் பக்கத்துச் சல்ஃபைடு தண்ணீரும் அமிலத் தண்ணீரும் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை. அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று அவன் சொன்ன நிமிஷம்தான் இருப்பதிலேயே மோசமான நிமிஷமாக இருந்திருக்கலாம். முதல் ஆள் விழுவான், தூக்கப்போன இரண்டாவது ஆளும் விழுவான். இந்தப் பக்கத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு இது தெரியாத கதை அல்ல. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு இதற்காகவே இருந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது; கயிறு அந்த ஆளின் இடுப்பில் இருந்தது.

பெரிய சார் பேச்சே கொடுக்கவில்லை. கேன்டீனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவரச் சொல்லி, தொட்டி மூடிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். காற்று ஊதுகிற மெஷினும் வாயு அளக்கிற கருவியும் வாடகைக்கு வரும்வரை நாலு மணி நேரம். சித்திரை மாசம். குடை பிடிக்கப் போனவனை விரட்டிவிட்டார். ஃபோன் மேல் ஃபோன் வந்தது; நான்தான் ஆபீஸுக்கும் தொட்டிக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். கண்டெய்னர் மறுநாள்தான் போனது. அதற்கு அவர் மேலே என்ன பேச்சு வாங்கினார் என்று எங்களிடம் சொன்னதில்லை. ஆனால் பேச்சு இருந்திருக்கும்.

கூட வேலை செய்தவர்களுக்கே சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். எப்படிக் கூப்பிடுவது?

நேற்று வரை “அண்ணா” என்றால் இன்றைக்கும் அண்ணாதான். பேட்ஜ் மாறியதால் வயசு மாறாது. நான் சூப்பர்வைசர் ஆன முதல் வாரம், டிரம் மேஸ்திரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்பா வயசு அவருக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, வேலையும் குறையவில்லை. ஆனால் என் காதுக்கு எந்தச் சத்தமும் வந்து சேரவில்லை, பேரிங் சத்தம் உட்பட. மூன்றாம் வாரம் “அண்ணா” என்று ஆரம்பித்தேன். பாய்களைப் பாய் என்றும் அக்காக்களை அக்கா என்றும் கூப்பிட்டுக்கொண்டே “இது திரும்பப் பண்ணணும்” என்று தாராளமாகச் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் மீட்டிங் வைக்காதீர்கள். தொழுகைக்குப் போகிறவன் பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கும், அவன் சொல்ல நினைத்தது அவனோடு போய்விடும்.

பாராட்டுவதில் அவர் எப்படி?

கஞ்சம். ஆனால் நன்றாகச் செய்தவனிடம் புது ஆளைக் கொண்டுபோய் விட்டு, “இவனுக்குச் சொல்லிக் குடு” என்பார். எங்களுக்கு அதுதான் மெடல்.

போனஸ் நேரத்தில் என்ன சொல்வது?

சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. நடுவில் எவ்வளவு என்பதை முடிவு செய்கிறவர் நீங்கள் இல்லை. அதனால் “நான் பேசி வாங்கித் தர்றேன்” என்று வாய் விடாதீர்கள். எந்தத் தேதியில் தெரியும் என்பதை மட்டும் கேட்டுவந்து சொல்லுங்கள்.

அவரிடம் குறையே இல்லையா? தெய்வம் மாதிரிப் பேசுகிறீர்களே.

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு லைன் லீடர் அம்மா. நல்ல கேள்வி.

இருந்தது. ஷூ யூனிட்டில் அத்தனை பெண்கள். அவர் ரிட்டயர் ஆகிற வரை ஒரு பெண்ணைக்கூட சூப்பர்வைசர் ஆக்கவில்லை. தொப்பியைத் தைக்கச் சொல்லி நாலு பேரை உட்காரவைத்தவருக்கு, லைனை நடத்தச் சொல்லி ஒருத்தரையாவது உட்காரவைக்கத் தோன்றவில்லை. ஒரு முறை கேட்டேன். “ஓவர்டைம்னா ராத்திரி ஆயிடும்பா, வீட்ல ஒத்துக்க மாட்டாங்க” என்றார். அந்தப் பெண்களிடம் கேட்டாரா என்றால், இல்லை. மற்ற எல்லா விஷயத்திலும் போய்க் கேட்கிற மனுஷன், இதில் மட்டும் பதிலைத் தானே வைத்திருந்தார்.

இன்னொன்று, லீவே போட மாட்டார். நல்ல பழக்கம் மாதிரித் தெரியும். ஆனால் அவர் போடாதபோது எங்களுக்குக் கேட்கக் கூச்சம். என் பொண்ணு காதுகுத்துக்கு, அவளுக்கு மொட்டை போட்டு முடித்த பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன்; மாமன் மடியில் உட்கார்ந்து அழுது முடித்திருந்தாள். அவர் போகாதே என்று சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. இதை “சந்தேகம்” கட்டத்தில் எழுத எங்களுக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

நான் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். எனக்கு இது உதவுமா?

என் மருமகன் பெங்களூரில் அந்த வேலைதான். அவன் டீமிலும் ராத்திரி ரெண்டரைக்கு ஏதோ ரோஸ் கோடு தெரிகிறதாம், காலையில்தான் சொல்கிறார்களாம்.

“சந்தேகம்” கட்டம் இன்னும் இருக்கிறதா?

நோட்டே இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர். புது சாஃப்ட்வேர் வந்தபோது அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னேன். “ரிமார்க்ஸ்” என்று ஒன்று இருக்கிறதே என்றார்கள். அதில் எல்லோரும் “ஓகே” என்று அடிக்கிறார்கள். போன மாதம் மறுபடியும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

பெரிய சாரைப் போய்ப் பார்க்கலாமா?

வாலாஜா பக்கம் இருக்கிறார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, குச்சியை ஊன்றிக்கொண்டு பாலத்துக்கு வந்து வெகுநேரம் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட நான்தான் நின்றேன், ஒன்றும் பேசவில்லை. போகிறவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள், மதியம் தூங்குவார். காது கொஞ்சம் மந்தம். இப்போது நீங்கள்தான் கிட்டே போய்ச் சத்தமாகப் பேச வேண்டும். ஆற்காடு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சுகர் இருக்கிறது, ஆனால் கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வார், வீட்டில் அம்மா உங்களைத் திட்டுவார்.